இதயத் துடிப்பு மாத்திரை வாங்குகிற வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சீரற்ற இதயத் துடிப்புக்காக மாதாமாதம் எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர்களுக்கும், அவர்களுக்காக வந்து வாங்கிப்போகும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம். கவுண்ட்டரில் நிற்கும்போது பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், உங்களுக்கும் அவசரம். சொல்ல நினைத்ததில் பாதிதான் சொல்ல முடிகிறது.

போன மாதம் ஒரு பெரியவர் மருந்துச் சீட்டை நீட்டி, "இந்த ஒண்ணு மட்டும் வேண்டாம், இப்ப படபடப்பே இல்லை" என்றார். அவர் வேண்டாம் என்று காட்டியது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை. எங்களுக்குத் திக்கென்றது. அவருக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் முழுதாக வெளியேறாமல், பெரும்பாலும் இடது மேலறையை ஒட்டியுள்ள ஒரு சிறு பையில் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பு அடங்கிவிட்டது என்பதால் அந்த அபாயம் போய்விடாது, பலருக்குத் துடிப்பு தடுமாறுவதே உணர்வில் தெரியாது. வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, கட்டி உருவாகாமல் காக்க இன்னொரு மாத்திரை. முதலாவது நன்றாக வேலை செய்வதைப் பார்த்து இரண்டாவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான், டாபிகாட்ரான், ரிவரோக்சபான் போன்றவற்றின் வேலை ஓரிரு நாளில் உடம்பிலிருந்து இறங்கிவிடும். அதனால் அட்டை காலியான பிறகு வராதீர்கள், ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாருங்கள். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்திருந்தால், எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை அந்த மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டு ஈடுகட்டவே கூடாது. அபிக்சபானை அதே நாளில் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு பழைய நேரத்துக்குத் திரும்பலாம். டாபிகாட்ரானில் அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். மற்றவற்றுக்கு எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரிவரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பு சரியாக இழுத்துக்கொள்ளாது. டாபிகாட்ரான் காப்ஸ்யூலைத் திறந்து கொட்டினால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிவிடும். அது ஈரம் பட்டால் கெடும் என்பதால், நாள் வாரியாகப் பிரித்து வைக்கும் டப்பாவில் போடாமல் அதன் சொந்த அட்டையிலோ குப்பியிலோ வையுங்கள்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களைச் சட்டென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறிக் கிளம்பும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது மாரடைப்பில்கூட முடியலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

இங்கே எங்கள் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒருவருக்குப் புதிய சீட்டில் மெட்டோப்ரோலால் எழுதியிருந்தார்கள். அவரிடம் ஏற்கெனவே இருந்ததும் அதே மருந்துதான், கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு. இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். தலை சுற்றுகிறது என்று அவர் மகள் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. புதிய அட்டையைக் கொடுத்த அன்றே பழைய பில்லைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது இதய மாத்திரை எதுவானாலும் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறோம். நீங்களும் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். மெட்டோப்ரோலாலிலேயே சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு உண்டு. சக்சினேட் நாள் முழுக்க மெல்லக் கரைவதற்காகச் செய்தது, அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

அப்புறம், நீங்களாகச் சேர்த்துக்கொள்ளும் மருந்துகள். எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று வாங்கிப் போடுகிறீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். சளி மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்புக்காகச் சேர்த்திருக்கும் சூடோஎஃபெட்ரின் துடிப்பை முடுக்கும். வாந்திக்கு டோம்பெரிடோன், தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் என்று எளிதாகக் கேட்கிறீர்கள். துடிப்பைச் சீராக்கும் சோட்டலாலோ அமியோடரோனோ சாப்பிடுகிறவருக்கு இவை சேர்ந்தால் புதிதாக ஓர் ஆபத்தான துடிப்புக் கோளாறே கிளம்பக்கூடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் விஷமாகும். மூலிகைதானே என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள் பசி மந்தம், குமட்டல், குழப்பம், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவற்றைக் கவனியுங்கள். நல்ல அளவுக்கும் கெட்ட அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய மருந்து அது. வயிற்றுப்போக்கு இரண்டு நாள் நீடித்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அமியோடரோன் தனி ரகம். அதன் எடையில் ஏறக்குறைய 37 சதவீதம் அயோடின், அதனால் தைராய்டைக் குழப்பும். தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளை வழக்கமாக 6 மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுப்பார்கள், அவற்றைத் தட்டிக் கழிக்காதீர்கள். வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரினோடு சேர்ந்தால் அதன் வேகத்தைக் கூட்டும், ஆகவே ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். கிரேப்ஃப்ரூட் மட்டும் அமியோடரோனோடு வேண்டாம். அது திராட்சை அல்ல, ஆரஞ்சு வகையைச் சேர்ந்த பழம்.

"அவருக்கு நல்லா கேட்குது, எனக்கும் அதையே கொடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் மறுத்துவிடுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். காஸ்ட் என்ற ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு ஃப்ளெக்கனைடு, என்கனைடு என்ற துடிப்பு மருந்துகளைக் கொடுத்தார்கள். தடுமாறும் துடிப்புகள் குறைந்தன, ஆனால் இறப்பு கூடியது. 1989இல் அந்த இரண்டையும் கொடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒருவரின் இதயத்துக்கு நல்லது செய்யும் மாத்திரை இன்னொருவரின் இதயத்துக்குக் கெடுதல் செய்யலாம்.

வீட்டில் நாடி பார்க்கும்போது 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு அந்தக் கணக்கு பொய் சொல்லும், முழு 60 விநாடி எண்ணுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால், எதைத் தாண்டினால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, முகம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் பேச்சு குழறினாலோ எங்களிடம் வராமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டாலும், மலம் கறுப்பாகப் போனாலும் அப்படித்தான்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், தைலம், லேகியம், தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிரித்துப் பார்த்து ஒரே தாளில் எழுதித் தருகிறோம். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் காட்டினால் போதும். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை கூட்டம் இருக்காது, உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் மருந்தாளுநர்கள்