"தெரியாது" என்று எழுதிக் கொடுக்க ஒரு சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

14 ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனைகளில் செவிலியராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நைட் டூட்டி. எலும்பு முறிவு வார்டில் இருந்த என்னை, ஆள் இல்லை என்று ஐசியூவுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு பேர் வெண்டிலேட்டரில். "எனக்கு இதில் பயிற்சி இல்லை மேடம்" என்றேன். "நீயும் சிஸ்டர்தானே, ஒரு ராத்திரி சமாளி" என்றார் இன்சார்ஜ்.

விடியற்காலை 3 மணிக்கு அலாரம் அடித்தது. எந்தப் பட்டனைத் தொடுவதென்று தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட ஆளை ஓடவிட்டு, அந்தப் பெரியவரின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே நின்றேன். குழாயில் தண்ணீர் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில், கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நடந்தால், பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு வரை. டாக்டர்களுக்குக் குறைத்ததை நான் குறை சொல்லவில்லை. அதே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் எங்களை ஏன் விட்டுவிட்டார்கள்? ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. அதைச் சொல்லி மறுத்தால் கிடைப்பது மெமோ.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 'சேஃப் ஹார்பர்' என்று ஒரு ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. கொடுக்கப்படும் வேலை நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால், செவிலியர் அதை ஏற்கும்போதே எழுதிக் கொடுக்கலாம். செவிலியர் குழு ஒன்று அதை ஆராயும். நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தால் வேலையிலும் பழிவாங்கக் கூடாது, உரிமத்திலும் கை வைக்கக் கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டு அந்த டூட்டியைப் பார்க்கவும் செய்யலாம். நோயாளியை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008லேயே சட்டம் வந்துவிட்டது. அதோடு இதையும் அரசு சேர்க்க வேண்டும். செவிலியர் எழுதிக் கொடுத்தால் பொறுப்பில் இருப்பவர் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும், ஒரு நகலைச் செவிலியர் கையில் கொடுக்க வேண்டும். அன்று காலை டூட்டி முடிந்ததும் நானும் நடந்ததை எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். "அதற்கெல்லாம் ரெஜிஸ்டர் இல்லை, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
திருச்சி.