பின் சீட்டில் கட்டிய கம்ப்ரஸர்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நாகர்கோவில் கிளையில் டீப் ஃப்ரீசர் சர்வீஸ் பார்க்கிறவன் எழுதுகிறேன். போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. ஒரே பக்கம், இரண்டு கட்டம். ஒன்றில் 'கம்பெனி வண்டி', இன்னொன்றில் 'வாகன அலவன்ஸ்'. ஏதாவது ஒன்றில் டிக் அடித்து மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அடித்ததை மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

இதை மேலாளர் வழியாக ஒரு கடிதமாக அனுப்பியிருக்கலாம். ஆனால் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், லிஃப்ட் பார்க்கிறவர்கள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள் என்று இந்த மாவட்டத்தில் வண்டியை நம்பிப் பிழைக்கும் எத்தனையோ பேர் இதே கேள்வியோடு இருக்கிறார்கள். வெட்டூர்ணிமடத்துச் சாயாக்கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், பேச்சு இதில்தான் வந்து நிற்கும். அதனால்தான் திறந்த மடல்.

எங்கள் மாவட்டத்தை நீங்கள் 'சிறிய பகுதி' என்ற வரிசையில் வைத்திருக்கிறீர்கள். சின்ன மாவட்டம்தான், 1,700 சதுர கிலோமீட்டர்கூட வராது. ஆனால் எங்கள் ஃப்ரீசர்கள் ஒரு பக்கம் முட்டத்திலும் குளச்சலிலும் கடலோரமாக இருக்கின்றன. இன்னொரு பக்கம் குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் மலையடிவாரத்தில் இருக்கின்றன. நடுவே களியக்காவிளை வரைக்கும் ஒரே ஒரு நெடுஞ்சாலை, அதில் எப்போதும் நெரிசல். காலையில் முட்டம், மதியம் குலசேகரம், சாயங்காலம் அஞ்சுகிராமம் என்று ஒரு நாள் போனால் உங்கள் 'சிறிய பகுதி' எவ்வளவு பெரியது என்று இடுப்பு சொல்லும்.

நான் ஏழு வருஷமாக அலவன்ஸ் வாங்குகிறேன். இப்போது மாதம் 5,500 ரூபாய். "பெட்ரோல் போகக் கையில் நல்லா மிச்சம் வருமே" என்பார் என் மைத்துனர். அவருக்காகவே ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். 25 நாள், 2,260 கிலோமீட்டர். என் வண்டி சமதளத்தில் லிட்டருக்கு 50 கொடுக்கும். பேச்சிப்பாறை ஏற்றத்திலும் மார்த்தாண்டம் நெரிசலிலும் 40க்கு இறங்கிவிடும். சராசரி 45 என்று வைத்தால் 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு பெட்ரோலுக்கே 5,000 ரூபாய்க்கு மேல் போகிறது. மிச்சம் 400 சொச்சம். ஆயில், செயின், பிரேக் ஷூ, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான். பின் டயர் ஒன்றே 2,000 ரூபாய். நோட்டைக் காட்டினேன், மைத்துனர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதில் தேய்மானத்தை நான் சேர்க்கவே இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கில் ஐந்தாவது வருஷம் ஓடும் வண்டியின் மதிப்பு பாதி. வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கும் அதே பாதிதான். மாதம் 2,000 கிலோமீட்டர் உப்புக்காற்றில் ஓடிய வண்டிக்கு வடசேரியில் எந்த புரோக்கரும் அந்த விலை சொல்லமாட்டார். குறும்பனை, குளச்சல் பக்கம் போய்வந்தால் இரண்டு நாளில் செயின் செம்பட்டை பூத்துவிடும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலைகளுக்கு நல்லது, பைக்கில் போகிறவனைப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளும். மழையும் எங்களுக்கு இரண்டு தடவை, தென்மேற்கும் வடகிழக்கும். மழைக்கோட்டு மட்டும் வருஷத்துக்கு இரண்டு வாங்குகிறேன்.

சரி, பணக் கணக்கு இவ்வளவு போதும். இந்த மடலை எழுத வைத்தது அது அல்ல.

போன வருஷம் ஜூன் மாதம், குலசேகரத்தில் ஒரு பேக்கரி. காலை ஏழு மணிக்கே போன். "சாரே, பெட்டி ராத்திரியே நின்னுபோச்சு. ஐஸ்கிரீம் எல்லாம் பாயசம் மாதிரி ஆயிட்டு" என்றார் கடைக்காரர். முந்தின வாரமே அந்தப் பெட்டியின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, ஃப்ரீசரைக் குளிரவைக்கும் கம்ப்ரஸர்தான் பழுது என்று புரிந்துவிட்டது. கிளையில் ஒரு கம்ப்ரஸர் இருந்தது. அட்டைப் பெட்டியோடு பதினொரு கிலோ. பழைய லாரி டியூபைக் கீறி எடுத்த ரப்பர் வாரால் பின் சீட்டில் வரிந்து கட்டினேன். டூல்ஸ் பை டேங்க் மேலே, வேக்கம் பம்ப் பக்கவாட்டுப் பையில்.

திருவட்டாறு தாண்டி ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வளைவு. மழைத் தண்ணீரில் ரோடும் குழியும் ஒரே நிறமாகக் கிடந்தன. முன் சக்கரம் இறங்கியது. வெறும் வண்டியாக இருந்தால் காலை ஊன்றிப் பிடித்திருப்பேன். பின்னால் கட்டியிருந்த கனம் வண்டியை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டது. மழைக்கு ரப்பர் பால்வெட்டு இல்லாததால் சாயாக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கினார். மற்றவர் பெட்டியைத் தூக்கப் பார்த்து, "இதுக்குள்ள என்ன, அம்மியா?" என்று கேட்டார். முழங்காலில் ஆறு தையல். கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அதே கம்ப்ரஸரை வேறொருவர் கொண்டுபோய் மாட்டினார். அவரும் பைக்கில்தான் போனார்.

வண்டிக்கு ஒர்க்‌ஷாப்பில் 11,400 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். சர்வேயர் வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பின் சீட்டில் ரப்பர் வார் இன்னும் கட்டியபடியே தொங்கியது. "என்ன கொண்டு போனீங்க?" என்று கேட்டார். இருந்ததைச் சொன்னேன். அதோடு என் க்ளெய்ம் முடிந்தது.

பாலிசித் தாளை அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன். தனியார் வண்டிக்கான பாலிசியில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வாடகைக்கு ஓட்டக்கூடாது, பந்தயத்துக்கு ஓட்டக்கூடாது என்பதோடு, சாம்பிளும் சொந்தச் சாமானும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்றும் அதில் போட்டிருக்கிறது. மருந்துப் பிரதிநிதியின் பைக்குள் இருக்கும் மாத்திரை சாம்பிளுக்கு அனுமதி உண்டு. உங்கள் கம்ப்ரஸருக்கு இல்லை. புது ஃப்ரீசர்கள் பலவற்றில் இப்போது குளிரவைக்க ஆர்-290 என்ற கேஸ் வருகிறது. அது புரொப்பேன், பற்றிக்கொள்ளும். அந்தக் கேனையும் பெட்ரோல் டேங்க் மேலே வைத்துக்கொண்டுதான் போகிறோம். அது சாம்பிளா, சொந்தச் சாமானா என்று நீங்களே சொல்லுங்கள்.

மேலாளரிடம் போய்ப் பேசினேன். நல்ல மனிதர், எனக்காக மூன்று தடவை மெயில் போட்டார். கடைசியில் வந்து, "அலவன்ஸ்ல எல்லாம் அடக்கம்னு சொல்லிட்டாங்கப்பா" என்றார்.

அந்த 'அடக்கம்' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் எப்படி டிக் அடிப்பது? பெட்ரோல் அடக்கம், சரி. தேய்மானம் அடக்கம் என்றால் எவ்வளவு? விழுந்தால் வண்டியைச் சரிசெய்யும் செலவும் அடக்கமா? என் முழங்காலுமா? வேலை நேரத்தில் அடிபட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அலவன்ஸ் கொடுத்துவிட்டால் அது தீர்ந்துவிடாது.

அப்படியானால் பேசாமல் கம்பெனி வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் தருவதாகச் சொல்வது சின்ன லோடு வண்டி. மேலே கூரை, பின்னால் சாமான் வைக்க இடம், சரக்கு ஏற்றுவதற்கென்றே போட்ட பாலிசி. மழையில் நனையாமல் குலசேகரம் போய்ச் சேரலாம் என்ற நினைப்பே சுகமாக இருந்தது. ஆட்களை ஏற்றும் சின்ன வண்டிகளுக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது, சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே நீங்கள் பைக் தராமல் லோடு வண்டி தருவது எங்கள் மேல் உள்ள பாசத்தால் மட்டும் அல்ல என்று தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை.

லோடு வண்டி ஓட்ட உரிமத்தோடு தனி பேட்ஜும் வேண்டுமே என்று கிளையில் ஒருவர் பயந்தார். அந்தப் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் கிளையில் பாதிப்பேர் வைத்திருப்பது பைக் உரிமம் மட்டும்தான். அவர்கள் ஓட்டக் கற்று, உரிமம் எடுக்கும்வரை என்ன செய்வது என்று படிவத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும்போது, ஓட்டும் உரிமையாளருக்கென்று 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்த்துப் போடுகிறோம். வண்டி கம்பெனி பெயருக்கு மாறினால் அந்த உரிமையாளர் நான் அல்ல. வண்டிக்குப் பாலிசி இருக்கும், ஓட்டுகிற எனக்கு இருக்காது. எனக்கென்று தனியாக ஒன்று போடுவீர்களா? படிவத்தில் இருப்பதெல்லாம், கவனக்குறைவால் வரும் சேதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்ற வரிதான். திருவட்டாறு வளைவில் தண்ணீர் மூடிய குழியில் இறங்குவது யாருடைய கவனக்குறைவு என்று சென்னையில் உட்கார்ந்து யார் தீர்மானிப்பார்கள்?

கம்பெனி வண்டியை வீட்டு வேலைக்கு எடுக்கக்கூடாது என்கிறீர்கள். வரிக் கணக்குக்கு ஓடியதை எழுதிவைக்கும் லாக் புக் வேண்டும், வேலைக்கு மட்டும் ஓடியதாகக் காட்டினால்தான் அது சலுகை என்று எங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வராது என்பதெல்லாம் புரிகிறது. ஆனால் கம்பெனி வண்டி வாசலில் நிற்கும்போது, பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்று ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்கு அலைய முடியுமா? அதனால் சொந்த பைக்கையும் விற்க முடியாது. கோட்டாற்றில் வீடு இருக்கும் ஒருவர் கேட்டார், "எங்க முடுக்குல ஸ்கூட்டரே திரும்பாது, லோடு வண்டிய எங்க விடுறது?" இரவில் தெருவில் நின்ற வண்டியின் பேட்டரியை யாராவது கழற்றிக்கொண்டு போனால் அதுவும் கவனக்குறைவுதானா? ஜிபிஎஸ் வேலை முடிந்த பிறகும் ஓடுமா என்று கேட்டதற்கும் பதில் வரவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒன்று என்ற கணக்கையே விடுங்கள். எங்கள் கிளையில் தினமும் கம்ப்ரஸர் மாற்றுவதில்லை. வாரத்துக்கு மூன்று, நான்கு தடவை இருக்கும். அதற்கும் கேஸ் வேலைக்கும் சேர்த்துக் கிளைக்கு ஒரே ஒரு லோடு வண்டி கொடுங்கள், தக்கலையில் நிறுத்தினால் மலைக்கும் கடலுக்கும் நடுவாக இருக்கும். தெர்மோஸ்டாட், ரிலே, கெபாசிட்டர் போன்ற சில்லறை வேலைக்கு நாங்கள் சொந்த பைக்கில் போகிறோம். அந்தச் சாமான் டூல்ஸ் பைக்குள் அடங்கும்.

அலவன்ஸை இரண்டாகப் பிரியுங்கள். இன்சூரன்ஸ், தேய்மானம், டயருக்கு மாதாமாதம் ஒரு நிலையான தொகை. ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாக ஒரு தொகை, அது பங்க் விலையோடு ஏறி இறங்கட்டும். மொத்தமாகக் கொடுக்கும் பணம் வரிக்குச் சம்பளம்தான், ஆனால் வேலைக்கான பயணத்துக்குத் தரும் படியில் உண்மையாகச் செலவான அளவுக்கு வரிவிலக்கு உண்டு. உங்கள் கணக்குப் பிரிவுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிலோமீட்டர் ஏமாற்றுவார்கள் என்று பயந்தால், ஒவ்வொரு கம்ப்ளெயின்ட்டும் எந்த ஊர் என்று உங்கள் ஆப்பிலேயே பதிவாகிறது, கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எதில் போனாலும் ஆளுக்கு ஒரு விபத்துக் காப்பீடு, அதுவும் எழுத்தில் வேண்டும். மூன்று வருஷக் கட்டுப்பாட்டை ஆறு மாதமாக்குங்கள். ஒரு தென்மேற்கு மழையை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் எது சரி என்று தெரியாது.

கூட வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் சிலர் அலவன்ஸில் 500 ரூபாய் அதிகமாகக் கொடுத்தால் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறீர்கள் என்று தெரியும். வண்டித் தவணை கட்டுகிறவனுக்கு 500 பெரிய தொகை, நானும் கட்டியவன்தான். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி பீரோவிலிருந்து பாலிசியை எடுத்து அந்தப் பயன்பாட்டுப் பகுதியை மட்டும் படியுங்கள். அப்புறம் டிக் அடியுங்கள்.

என் படிவம் இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது, இரண்டு கட்டமும் காலி. திங்கட்கிழமை பேச்சிப்பாறை பக்கம் ஒரு ஃப்ரீசருக்குக் கம்ப்ரஸர் மாற்ற வேண்டும். சாமான் வந்து கிளையில் இருக்கிறது, வெளியே மழையும் பிடித்துவிட்டது. அதை எதில் கொண்டு போவது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் கிளை சர்வீஸ் டெக்னீஷியன் ஒருவன்