மண்டபத்துக்குள் எல்லாரும் வர: கட்டடக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் மண்டபத்தைக் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் பாவிக்கும் அயலவர்களுக்கும்,

இது காசு கேட்கிற கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எதற்கு என்பதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழும்பில் ஒரே வளவுக்குள் வழிபடும் எங்கள் தமிழ் மெதடிஸ்த சபையும் சிங்கள மெதடிஸ்த சபையும் சேர்ந்து, ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தைத் திருத்தப்போகிறோம். வாசலில் ஒரு சாய்தளம், சக்கர நாற்காலி திரும்பக்கூடிய அளவில் ஒரு கழிப்பறை, கூட்டு ஆராதனையில் மொழிபெயர்ப்பைக் காதில் கேட்பதற்கான கருவிகள். இவ்வளவுதான் வேலை. இந்தக் குழுவில் இரு சபையாரும் இருக்கிறோம். எங்கட காசு, அவையின்ர காசு என்று இரண்டு கணக்குக் கிடையாது.

மண்டப வாசலில் நான்கு படிகள். ஏறுகிறவர்களுக்கு அவை கண்ணிலேயே படாது. போன அறுப்பின் பண்டிகை விருந்துக்கு மூத்த தாய் ஒருவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, நாலு பெடியன்கள் தூக்கி ஏற்றினார்கள். "தம்பிமார், பெட்டி தூக்கிற மாதிரியெல்லோ தூக்கிறியள். அதுக்கு இன்னும் காலம் கிடக்கு" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அதன் பிறகு அவர் மண்டபப் பக்கம் வருவதில்லை. ஆராதனை முடிந்து நாங்கள் பிளேன்டிக்குப் போகும் நேரத்தில் ஓட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. போதாது. ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் விட்டால்தான் சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தள்ளாமல் தானே ஏறலாம். எங்கள் படிகளின் மொத்த உயரம் 2 அடி, ஆகவே சாய்தளத்துக்கு 24 அடி வேண்டும். நேராக இறக்கினால் மதிலை உடைத்துக்கொண்டு வீதிக்குப் போய்விடும். அதனால் நடுவில் திரும்புவதற்கு ஒரு தளம் வைத்து மடித்துக் கட்ட வேண்டும், இரு பக்கமும் கைபிடி போட வேண்டும். செலவு கூடுவது அங்கேதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 1996 இலேயே வந்துவிட்டது. ஆலய வளவுக்குள் அது வந்துசேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

மொழிபெயர்ப்புக் கருவி ஆடம்பரம் இல்லையா? கூட்டு ஆராதனைக்கு வந்து பாருங்கள். பிரசங்கம் சிங்களத்தில் என்றால், இரண்டு அம்மம்மாக்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை இருந்து காதுக்குள் சொல்லும். பின்வாங்கில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தமிழில் பிரசங்கம் நடக்கும் நாளில் சிங்களச் சகோதரர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். 1814 இல் முதல் மெதடிஸ்த மிஷனரிமார் வந்திறங்கியபோதே, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தமிழ் படிக்கச் சிலர், காலிக்கும் மாத்தறைக்கும் சிங்களம் படிக்கச் சிலர் என்று பிரிந்துதான் போனார்கள். அன்றைக்கு அது வேலைக்கு வசதி. ஆனால் 1983 இனக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் வாங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டுப் போவதை ஐக்கியம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

உலகம் பூராவும் மெதடிஸ்தர்கள் சமாதானத்துக்காகவும், ஒருவரையும் தள்ளிவைக்காத சபைக்காகவும் சேர்ந்து உழைக்கிறார்களே, அங்கேயிருந்து காசு வராதா என்று பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. உலக மெதடிஸ்த பேரவையின் வேர் 1881 இல் லண்டனில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் சிற்றாலயத்தில் கூடிய மாநாட்டில் இருக்கிறது. இன்றைக்கு 130 இற்கு மேற்பட்ட நாடுகளில் 80 அளவிலான திருச்சபைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அது யாரையும் ஆளும் சபை இல்லை. இலங்கைத் திருச்சபையும் 1964 இல் தன்னாட்சி பெற்றுவிட்டது. எங்கள் படிக்கட்டுக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து சீமெந்து அனுப்பப்போவதில்லை, எங்கள் குழுவின் அபிப்பிராயத்தில் அனுப்பவும் வேண்டாம்.

அந்தப் பேரவை ஒரு சமாதான விருது கொடுக்கிறது. கோபி அனானும் நெல்சன் மண்டேலாவும் வாங்கிய விருதுதான். ஆனால் 1977 இல் அதை முதன்முதலில் வாங்கியவர் சேடி பட்டர்சன், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்து லினன் துணி ஆலையில் வேலை செய்து தொழிற்சங்கத்தில் வளர்ந்த பெண். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், இரு பக்கத்துப் பெண்களையும் ஒன்றாகக் கூட்டினார். தன் ஊரில், தன் தெருக்களில் செய்த வேலை அது.

சரி, காசை எப்படிச் சேர்ப்பது? 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்தர்களுக்கும் இதே தலையிடி இருந்தது. அங்கே கட்டிய கூட்ட மண்டபத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்று யோசனை வந்தது. ஏழைகளால் அதுவும் முடியாதே என்று ஒருவர் எழும்பினார். அப்படியென்றால் மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார் கப்டன் ஃபோய். வாராவாரம் வீடு வீடாகப் போனவர்களுக்குப் பென்னியோடு அந்தந்த வீட்டு வருத்தமும் கடனும் சண்டையும் தெரியவந்தன. சிறு குழுவாக ஒரு பொறுப்பாளரின் கீழ் கூடும் மெதடிஸ்தர்களின் வகுப்புக் கூட்டம் பிறந்தது அப்படித்தான்.

நாங்களும் அதே வழியில் போகிறோம். சபைக் குடும்பங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். தமிழர் ஒருவரும் சிங்களவர் ஒருவருமாக இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். மாதம் 500 ரூபா முடிந்தால் நல்லது. கூடக் கொடுக்க முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், முடியாத வீட்டுக்காகவும் சேர்த்துக் கொடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பலகையில் பெயர் எழுதப்போவதில்லை. இதில் குழுவுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது உண்மை. பெயர் போட்டால் கூடச் சேரும் என்றார்கள் சிலர். சேரலாம். இருந்தாலும் வேண்டாம் என்றே முடிவெடுத்தோம்.

ஒன்றுமே கொடுக்க முடியாத வீட்டுக்கும் வருவோம். அப்போது ஒளிய வேண்டாம், தேத்தண்ணி தந்தால் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பொருளாளரிடம் கேட்டு வங்கி விவரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். கைக்காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் விடாதீர்கள். வரவு செலவு மாதா மாதம் இரு மொழியிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒக்டோபர் மழைக்கு முன் கொங்கிரீட் போட்டு முடிக்க வேண்டும் என்று மேசன் பாஸ் சொல்லியிருக்கிறார், ஆகவே முதல் தவணையைக் கொஞ்சம் வேளைக்கே தாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பார்வைக் குறைபாடு என்று எதோடும் வாழ்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், வரைபடத்தை அவருக்குக் காட்டி விளக்கவும் வருவோம். கைபிடி எந்த உயரத்தில், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறப்பது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

கட்டடக் குழு
தமிழ், சிங்கள மெதடிஸ்த சபைகள், கொழும்பு