2024–25 ஆண்டறிக்கை: நம் தொட்டிகளில் கடல் சாமந்தி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் கடல்நீர்த் தொட்டிச் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

நிர்வாக விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கூட்டங்கள் வழக்கம்போல உறுப்பினர் வீடுகளில் மாறி மாறி நடந்தன. டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், மெரிபேங்க், பீனிக்ஸ், டொங்காட் என்று எல்லாப் பக்கமும் போய்வந்தோம். காவடி நேரத்தில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. சந்தாவை உயர்த்தவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

கடல் சாமந்தி பூவல்ல, பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடல் உயிரினம் (sea anemone). இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பெரிய வேலை ஒன்றுதான். கடலிலிருந்து பிடித்து வந்த சாமந்தியைக் கடையில் வாங்குவதை விட்டுவிட்டு, நம் தொட்டிகளிலேயே பிரிந்து பெருகியதை நமக்குள் பகிர்ந்துகொள்வது. கார்பெட், மக்னிஃபிகா போன்ற பெரிய வகைகள் வீட்டுத் தொட்டியில் பெருகுவது அபூர்வம். கடையில் நிற்கும் அவை அநேகமாக ஏதோ ஒரு பவளத்திட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவை. நுனி குமிழ்போல உப்பியிருக்கும் பப்பிள் டிப் வகை அப்படியல்ல. இடமும் ஒளியும் பிடித்துவிட்டால் தானாகவே இரண்டாகப் பிரியும். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு நுனி என்று நிறத்திலும் குறை வைக்காது. அதனால்தான் பகிர்வுத் திட்டத்தை இந்த ஒரு வகையோடு தொடங்கினோம்.

மெரிபேங்க் கூட்டத்துக்கு வந்தவர்கள் அதை நேரிலேயே பார்த்தார்கள். அந்த வீட்டு அக்காவின் தொட்டியில் உள்ளங்கை அகலச் சிவப்பு பப்பிள் டிப் ஒன்று காலையிலிருந்தே நீள்வட்டமாக இழுபட்டுக் கிடந்தது. பாதத்தின் ஒரு பக்கம் பாறையின் மேற்பரப்பிலும் மறுபக்கம் இடுக்கிலும் ஒட்டியிருக்க, இரண்டும் எதிரெதிர்த் திசையில் மெல்ல நகர்ந்தன. வாய் ஒரு கோடாக நீண்டு, நடுச்சதை கண்ணாடிபோல மெலிந்து, மாலைக்குள் இரண்டாகக் கிழிந்தது. கிழிந்த ஓரங்கள் உள்ளே சுருண்டுகொண்டன. நோய் என்று பயந்து கைவைக்கப்போன ஒருவரை அக்கா தடுத்துவிட்டார். அடுத்த சில வாரங்களில் இரண்டு பாதிக்கும் வாய் ஒழுங்காகக் கூடி, இறால் துண்டைப் பிடித்து விழுங்கின. அதில் ஒன்று இப்போது பீனிக்ஸில் வேறொரு வீட்டில் இருக்கிறது.

பகிர்வுக்கு ஒரு விதி வைத்தோம். சிலருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு என்று தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: தொட்டி தொடங்கி ஆறு மாதமாவது ஆகாதவர்களுக்குக் கிளை, அதாவது பிரிந்து வந்த பாதி, தருவதில்லை. ஓராண்டு ஆனால் இன்னும் நல்லது. கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினாலே தொட்டி தயார் என்று பலரும் நினைக்கிறார்கள். மீனுக்கு அது போதும், சாமந்திக்குப் போதாது. உப்பு 35-இல் (ஆயிரத்துக்கு 35 பங்கு) நிற்க வேண்டும், வெப்பம் 24 முதல் 26 பாகைக்குள், காரத்தன்மை dKH அளவில் 8-க்கும் 10-க்கும் நடுவில். இந்த எண்கள் ஒருநாள் சரியாக இருப்பது பெரிதல்ல, வாரக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். நைட்ரேட்டை அறவே துடைத்துவிடவும் கூடாது. சாமந்தியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிக்குக் கொஞ்சம் ஊட்டம் வேண்டும். அந்தப் பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்குச் சோறு போடுகிறது.

உப்பை அளக்க எல்லார் வீட்டிலும் ஒளிவிலகல்மானி இருக்கிறது. அதை ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பிவிடுகிறோம். நாம் அளப்பது 35-ஐ. அப்படியானால் 35 காட்டும் திரவத்தில்தான் சரிபார்க்க வேண்டும். டொங்காட் கூட்டத்தில் எல்லாருடைய கருவிகளையும் ஒரே பாட்டிலில் சோதித்தபோது பல கருவிகள் விலகி நின்றன. அந்தப் பாட்டில் இனி எல்லாக் கூட்டத்துக்கும் வரும், கருவியைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இந்த ஆண்டு இழப்புகளும் உண்டு. அவற்றில் அதிகம் அலைப் பம்பால் வந்தவை. புதிதாக விட்ட சாமந்தி தன் இடத்தைத் தானே தேடும். முதல் சில இரவுகள் தொட்டி முழுக்க நடக்கும். பம்பின் வாயில் இழுபட்டால் துண்டுதுண்டாகிவிடும், அந்தக் கழிவு தொட்டி முழுவதையும் கெடுக்கும். பம்பின் மேல் நுரைப்பஞ்சு உறை மாட்டாமல் சாமந்தியை விடாதீர்கள். கிளையைச் சிறு பாறைத்துண்டோடு சேர்த்தே தருவதும் இதற்காகத்தான். பாதம் பற்றிய கல் கூடவே இருந்தால் அது அதிகம் அலைவதில்லை. கல்லிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பாதம் கிழிந்த சாமந்தி பிழைப்பது கடினம்.

அப்புறம், மீனுக்கு வெண்புள்ளி வந்ததென்று செம்புக் கலவை மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றிய வீடு ஒன்று. சாமந்திக்கும் இறாலுக்கும் செம்பு விஷம். மீனைத் தனி வாளிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

சாயம் ஏற்றிய சாமந்தி பற்றி இந்த ஆண்டும் நிறையக் கேள்விகள். வாய் முதல் பாதம் வரை ஒரே அடர் மஞ்சள், ஒரே பிங்க், ஒரே ஊதா என்றால் சந்தேகப்படுங்கள். உள்ளே இருந்த பாசியை ஏற்கெனவே இழந்து வெளிறிப்போன உயிருக்குத்தான் பெரும்பாலும் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் வெளியேறியதும் உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். நல்ல சாமந்தியில், மேலே எந்த நிறம் மின்னினாலும், அடியில் ஒரு பழுப்புச் சாயை இருக்கும். இந்த வியாபாரம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. உயிரோடு இருக்கும் ஒன்றை விற்பனைக்காகக் கொல்லும் செயல் இது. அப்படி ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தால், மங்கலான ஒளியில் தொடங்கி மெல்லக் கூட்டி, நகத்தளவு இறால் துண்டை வாரம் இருமுறை கொடுத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பொறுத்தால் பழுப்பு திரும்பக்கூடும். காசு கொடுத்து இன்னொன்றை வாங்கவே வேண்டாம். நாம் வாங்குவதை நிறுத்தினால் கடைக்காரரும் வரவழைப்பதை நிறுத்துவார்.

மின்சாரம். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் 2024 மார்ச் கடைசியோடு பெரும்பாலும் ஓய்ந்தது. 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் மறுபடி தலைகாட்டியது. கேபிள் பழுதால் போகும் கரண்ட் எந்த அட்டவணைக்கும் அடங்குவதில்லை. பம்பு நின்றால் முதலில் குறைவது ஆக்சிஜன், வெப்பமெல்லாம் பிறகுதான். அதனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். சங்கத்தின் பொதுப்பம்பு பொருளாளர் வீட்டில் இருக்கிறது, ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள். கோடையில் தொட்டியின் மேல் விசிறி வைக்கிறோம். நம் ஊரின் ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறைவு, காற்று வறண்ட ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்வது போல இங்கே குளிராது. பிப்ரவரியில் வெப்பமானியை இருவேளை பார்ப்பதும், பகல் விளக்கை மாலைக்குத் தள்ளுவதும் கைகொடுத்தன.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீரை அள்ளி ஊற்றினால் என்ன என்று புதியவர்கள் கேட்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி டர்பன் கடற்கரைகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. மழைக்குப் பின் ஆற்றுவாய் நீரில் என்ன கலந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உப்பை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு தொடரும். அலிவால் ஷோலும் சோட்வானா விரிகுடாவும் பாதுகாக்கப்பட்ட கடல்பகுதிகள். அங்கே முக்குளிக்கப் போகிறவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், கல்லோ சாமந்தியோ எடுக்கக் கூடாது. ஆலார்டு கோமாளி மீன் தன் சாமந்திக்குள் புரளுவதை அங்கே பார்த்தவர்கள் தொட்டியை வேறு விதமாக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்: குறைவான மீன், நிறைய நீரோட்டம்.

புரட்டாசி விஷயம் எல்லா ஆண்டும் வருவது. விரதம் இருக்கும் வீட்டில் ஃப்ரீசரில் இறால் வைக்க முடியாது என்று அம்மாக்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. கவலை வேண்டாம். ஒளி சரியாக இருந்தால் ஒரு மாதம் இறால் இல்லாமலே சாமந்தி நன்றாக இருக்கும். கோமாளி மீன் கூட இருந்தால் அதன் கழிவே பாசிக்கு உரம். தீவனக் குருணை இரண்டை மீன் தானே கொண்டுபோய்ச் சாமந்தியின் கையில் கொடுப்பதையும் பார்த்திருக்கிறோம்.

பொறுமை பற்றிப் பேசும்போது எடின்பரோவின் சாமந்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயற்கை ஆய்வாளர் சர் ஜான் டாலியெல் அதை 1828-இல் ஸ்காட்லாந்துக் கரையில் எடுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்தார். அவர் மறைந்த பின்னும் பலர் கைமாறி 1887 வரை அது வாழ்ந்தது. ஒளி தேவைப்படாத குளிர்கடல் வகை அது, நம்முடையதோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் தண்ணீரைத் தவறாமல் மாற்றிய கைகள்தான் அதைக் காப்பாற்றின.

வீட்டையும் தொட்டியையும் திறந்துவைத்தவர்களுக்கும், கிளைகளைக் காசில்லாமல் கொடுத்தவர்களுக்கும், ராத்திரியில் பேட்டரிப் பம்போடு ஓடிய தம்பிகளுக்கும் சங்கத்தின் நன்றி. வரும் ஆண்டில் ராக் ஃபிளவர் என்ற இன்னொரு சாமந்தி வகையையும் திட்டத்தில் சேர்க்கலாமா என்று செயற்குழு யோசிக்கிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இப்போது மெரிபேங்கிலும் சாட்ஸ்வர்த்திலும் கிளைகள் தயாராக இருக்கின்றன. வேண்டியவர்கள் தங்கள் தொட்டியின் வயது, கடைசி மூன்று மாத அளவீடுகள் இரண்டையும் எழுதித் தேநீருக்கு முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து பொருளாளர் கணக்கை வாசிப்பார், பிறகு புதிய செயற்குழுத் தேர்தல்.

இப்படிக்கு,
செயலாளர்