உதகையில் வேகாத கடலையும் ஒரு சிலிண்டர் கணக்கும்: திறந்த மடல்

சத்துணவு மையங்களின் எரிவாயுக் கணக்கைப் பார்க்கும் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உதகைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவுச் சமையலரிடம், சிலிண்டர் ஏன் கூடுதலாகச் செலவானது என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அந்த அம்மா பதில் எழுதத் தயங்குவதால், பெற்றோரில் ஒருத்தியாக நான் எழுதுகிறேன்.

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், காற்றழுத்தம் குறைவு என்பதால், ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; அதன்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர்தான் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. சோறு நேரம் பிடித்தாவது வெந்துவிடும். கொண்டைக்கடலை அப்படியில்லை. முதல்நாளே ஊறப்போட்டு, காலையில் வந்ததும் அடுப்பிலேற்றினாலும், மதிய மணி அடிக்கையில் அது நறுக்கென்றுதான் இருக்கிறது. முன்பல் விழுந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சப்பிப் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறார்கள். யாருடைய உடம்பில் புரதம் சேர வேண்டுமென்று கடலை தரப்படுகிறதோ, அவர்களே வெறும் சோற்றோடு எழுந்துபோகிறார்கள்.

ஆய்வுக்கு வந்த ஒருவர், ஆப்பச்சோடா போடலாமே என்றாராம். போட்டால் கடலை குழையும், உண்மைதான். கூடவே அதிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தும் அழியும். சத்தைக் கழித்துவிட்டு உணவை மட்டும் பரிமாற 1982-இல் இந்தத் திட்டம் தொடங்கப்படவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது, 20 லிட்டருக்குக் குறையாத பிரஷர் குக்கர்களும், மலையின் உயரத்தைக் கணக்கில் கொண்ட எரிவாயு ஒதுக்கீடும்தான். குக்கருக்குள் சூடு இங்கும் 115 டிகிரியைத் தாண்டும். கடலையும் வேகும், எரிவாயுவும் மிச்சமாகும். எங்கள் வீடுகளில் குக்கரில்லாத அடுப்படியே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டும் திறந்த அண்டா போதுமென்று முடிவு செய்தது யாரென்று தெரியவில்லை. சமவெளியில் போட்ட கணக்கு மலைக்கும் பொருந்தியே தீர வேண்டுமென்றால், உதகைத் தண்ணீரும் இனி 100 டிகிரியில்தான் கொதிக்க வேண்டுமென்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிப் பார்க்கலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சமையலரிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற்று, குக்கர்களையும் மலைக்கேற்ற எரிவாயு அளவையும் வரும் கல்வியாண்டுக்கு முன்பே வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்