கன்னத்துத் தையல்

அன்புள்ள கௌரி,

இங்கே எல்லோரும் நலம். மாடி வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார், அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

தையல் போட்ட இடத்தில் கல் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்கப்புறம் சத்தமே இல்லை. பேசினாலும் வீடியோவை அணைத்துவிடுகிறாய். பெரியத்தையின் நினைவு வந்திருக்கும். அவருக்கு வந்தது வேறு, இது வேறு. உன்னுடையது பேசல் செல் வகைத் தோல் புற்றுநோய், பெரும்பாலும் இருந்த இடத்தைவிட்டுப் பரவாது. எடுத்த சதையின் ஓரங்களில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டதே.

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களுக்கு ஊசி நூல் எடுத்துக் கொடுத்தே காலம் கழித்தவள் சொல்கிறேன், கேள். வெளியே போட்ட தையலை ஒரு வாரத்தில் பிரித்துவிட்டார்கள் அல்லவா? காயத்தைப் பிடித்து வைத்திருப்பது அது இல்லை, தோலுக்குள் ஆழத்தில் தானே கரையும் விக்ரில் நூலால் போட்ட தையல். ஊசியை ஒரு பக்கம் அடியிலிருந்து மேலே ஏற்றி, எதிர்ப்பக்கம் மேலிருந்து கீழே இறக்குவார்கள். அப்போதுதான் முடிச்சு அடியில் போய் உட்காரும். இழுவையை அது தாங்கிக்கொள்வதால் மேல்தோல் இழுபடாமல் சேரும். தையல் ஓரம் வரப்பு போலத் தூக்கி நிற்பதும் வேண்டுமென்றே செய்வதுதான், போகப் போக அமுங்கிவிடும். அந்த நூல் மூன்று வாரத்தில் பாதி பலத்தை இழக்கும், முழுசாகக் கரைய 56 முதல் 70 நாள் பிடிக்கும். உனக்கு இன்னும் ஆறு வாரம்கூட ஆகவில்லை. கைக்குத் தட்டுப்படுவது முடிச்சாகத்தான் இருக்கும். எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடு.

சில சமயம் உடம்பே நூலை வெளியே தள்ளும். பரு மாதிரி சிவந்து, நடுவில் வெள்ளையாக நூல் முனை தெரியும். இழுக்காதே, கிள்ளாதே. டாக்டரே அந்தத் துளி நூலை எடுத்துவிடுவார். வலி கூடினாலோ சீழ் வந்தாலோ அன்றைக்கே போ.

யாரும் சொல்லாமல் நீயாகவே போய் அந்த மருவைக் காட்டி பயாப்ஸி எடுத்தாயே, அதை இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆபரேஷன் முடிந்த பிறகா எங்களுக்குச் சொல்வது? அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா வந்திருக்கிறார்களாமே. முகத்தைப் பார்த்து ஏதாவது சொன்னார்களா? மாப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டார், தெரியும். யார் என்ன சொன்னாலும் சரி, தழும்பு நிறம் மங்கி அடங்க ஒரு வருஷம் ஆகும். இப்போது இருப்பதுபோலவே இருக்காது. வெயிலில் போனால் மறக்காமல் சன்ஸ்கிரீன் போடு.

சும்மா சும்மா தொட்டுப் பார்க்காதே. நூல் தெரிந்தாலும் இழுக்காதே. டாக்டரிடம் காட்டிவிட்டு வீடியோ போட்டுக் கூப்பிடு. கன்னத்தை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா