பிரசங்கபீடத்தில் வேதத்துக்கு நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளைஞர்கள் ஆலயத்தைவிட்டு விலகுவதற்கு நீண்ட பிரசங்கங்களே காரணம் என்ற கருத்து அண்மையில் உங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியாகியிருந்தது. கொழும்பின் தமிழ்ச் சபைகளில் பல வருடங்களாக ஆராதித்துவரும் எனக்கு அது பொருந்தவில்லை. பிரசங்கம் இப்போது நீளமாக எங்கே இருக்கிறது? பாடல்களும் அறிவிப்புகளும் சாட்சிகளும் முடிந்தபின் எஞ்சும் நேரத்தில் ஒரு வசனம் வாசிக்கப்படுகிறது. பிறகு பிரசங்கியாரின் பயண அனுபவமும், எங்கோ கேட்ட ஒரு கதையும். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, அது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பது சபையாருக்குத் தெரியாமலே போகிறது.

உங்களுக்காக நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11ஐப் பாருங்கள். புதுவருட ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குவதும் இந்த வசனம்தான். இதை வைத்து, இந்த வருடம் விசா கிடைக்கும், கடன் தீரும் என்று பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபத்தில் உள்ளது. எழுபது வருடம் கழித்தே மீட்பு என்று முந்திய வசனம் சொல்கிறது. அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்ட மூப்பர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று 28ஆம் அதிகாரம் காட்டுகிறது. இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காகவே மன்றாடுங்கள் என்பது தேவன் அவர்களுக்குக் கொடுத்த கட்டளை. யுத்த காலத்தில் வடக்கையும் கிழக்கையும் விட்டுவந்து இந்நகரில் பிள்ளைகளை வளர்த்தெடுத்த குடும்பங்கள் நிறைந்த ஒரு சபைக்கு இதைவிட நெருக்கமான அதிகாரம் எது? அதை முழுமையாக விளக்கிய பிரசங்கம் ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

பிரசங்கத்தின் வலிமையை நன்கு உணர்ந்திருந்தவர் ஆறுமுக நாவலர் என்பது நம்மவர் பலருக்கு வியப்பளிக்கலாம். பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த அவர், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களைத் தொடங்கினார். மிஷனரிமாரிடம் கண்ட முறையையே அவர் சைவத்துக்கு எடுத்தாண்டார். அவர் எடுத்தாளத் தகுந்தது என்று கண்ட அந்த முறையை நாமோ சோம்பலினால் கைநழுவ விடுகிறோம்.

பாரத்தோடு வருகிறவர்களுக்கு வியாக்கியானம் எதற்கு, ஆறுதல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2022இல் எரிவாயு வரிசைகளில் நின்று களைத்து வந்தவர்களுக்கும் ஆசீர்வாதப் பிரசங்கங்களே கிடைத்தன. நம்பிக்கையான ஒரு வார்த்தையோடுகூட முடியாமல், இருளிலேயே முடிகின்ற 88ஆம் சங்கீதத்தை அந்நாட்களில் யாராவது எடுத்து விளக்கியிருந்தால், தங்கள் மனக்கசப்பையும் தேவனிடம் கொண்டுபோகலாம் என்று அவர்கள் அறிந்திருப்பார்கள்.

போதகர்களை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. கட்டட நிதி, அடக்க ஆராதனை, வீட்டுச் சந்திப்பு, தூதரகத்துக்கு ஒரு கடிதம் என்று கிழமை முழுவதும் அவர்களை அலையவைப்பவர்கள் சபையாராகிய நாமே. ஒவ்வொரு சபையின் நிர்வாகக் குழுவும் கிழமைக்கு இரண்டு முற்பகல்களைப் பிரசங்க ஆயத்தத்துக்கென ஒதுக்கி, அந்நேரத்தில் போதகரைத் தொலைபேசியில் அழைப்பதில்லை என்று தீர்மானிக்கட்டும். வருடத்துக்கு ஒரு நிருபத்தையோ தீர்க்கதரிசன ஆகமத்தையோ தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கிக்கும்படி அவரைக் கேட்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கவேண்டிய வேதப்பகுதிகளை முன்கூட்டியே குறிக்கும் வேதபாட அட்டவணையைப் பின்பற்றும் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் இதற்கு இடமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அந்த அட்டவணையிலேயே நிருபவாசகங்கள் பல ஞாயிறுகளுக்குத் தொடர்ச்சியாக வருவதை அவர்கள் கவனித்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06